மேசையின் இருமல்

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஏழு குழாய்.
பெட்டிக்குள் ஐஸ் உருகி
ஒரு லேபிளின் மை மட்டும் பரவிவிட்டது.
பெயர் இருந்த இடத்தில் ஊதாக் கறை.
வயது தெரிந்தது: நாற்பது நாள்.

குச்சியில் பஞ்சு இருக்கக் கூடாதென்று
முதல் வாரமே சொல்லியிருந்தேன்.
பருத்தி சோதனையைக் கெடுக்கும்,
பாலியஸ்டர்தான் வேண்டும்.
"விடிஞ்சா நூலு, அடைஞ்சா நூலு.
இந்த ஊர்ல வந்து பருத்தி ஆகாதுன்றீங்களே மேடம்"
என்று சிரித்தாள் நர்ஸ் கிரேஸ் பாக்கியவதி.
ஆனாலும் சரியான குச்சிதான் அனுப்பியிருந்தாள்.

வியாழன் இரவு, திருத்தணி.
கீழே கடைசி பஸ் நகரி நகரி என்று கூவிவிட்டுப் போனது.
மெஷின் சூடாகிறது, ஆறுகிறது, சூடாகிறது.
ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக,
நாற்பது சுற்று.
கிருமி இருந்தால் கோடு எழும்.
இல்லையென்றால் கடைசிவரை
தரையோடு படுத்தே கிடக்கும்.

பதினெட்டில் எழுந்தது ஒன்று,
உதறிக்கொண்டு எழுவது போல.
ஊதாக் கறை.

மற்ற ஆறும்
முப்பத்தாறு, முப்பத்தேழில்
தயங்கித் தயங்கித் தலைதூக்கின.
ஆறு பேருக்கும் கக்குவானா?
நாளைக் காலை மாவட்டமே அலறும்.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர், எந்த ரூம்ல எடுத்தீங்க?"
"ஊசி போடுற ரூம்லதான். அங்கதான் ஃபேன் ஓடும்."
"எப்போ?"
"புதன்கிழமை. ஊசியெல்லாம் போட்டு முடிச்சதும்."

கக்குவான் தடுப்பூசி என்பது
கொன்று அடைத்த கக்குவான் கிருமி.
காற்றுப் போக சிரிஞ்சைச் சுண்டும்போது
தெறிக்கிறது ஒரு துளி,
மேசையில், கையுறையில், கதவுப் பிடியில்.
செத்ததா, உயிரோடு இருக்கிறதா
மெஷின் கேட்பதில்லை.
ஊர்க்கணக்கில் பெயர் இருந்தால் போதும் அதற்கு.

"மேசையைத் துடைச்சு ஒரு குச்சி அனுப்புங்க."
"மேசையவா?"
"மேசையத்தான்."

முப்பத்தைந்தில் எழுந்தது மேசை.
ஆறு பேருக்கும் வேறு அறையில், ஃபேன் இல்லாமல்,
வியர்க்க வியர்க்க மறுபடி எடுத்தாள்.
ஆறும் தரையோடு படுத்துக்கொண்டன.
இத்தனை நாள் வேலையில்
'இல்லை' என்று எழுத இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் அந்தப் பதினெட்டு.
மேசையில் சிந்திய துளி
பதினெட்டில் எழாது.

அந்தக் குழந்தை ஒருமுறைகூட இருமவில்லையாம்.
பால் குடிக்கும்போது நின்றுவிடும், மூச்சு.
உதடு அவுரி நிறமாகும்.
பிறகு ஞாபகம் வந்தது போல் திரும்ப இழுக்கும்.
முடிவுக்குக் காத்திராமல்
மருந்தைத் தொடங்கிவிட்டார் டாக்டர்.
திருவள்ளூரில், ஆக்சிஜனில், தாயோடு.
முதல் தடுப்பூசிக்கு இரண்டு நாள் பாக்கி.

கறையின் கீழே பெயரே இல்லை.
முனிரத்தினம் குழந்தை என்று மட்டும்.
வரும் ஞாயிறு நகரியில் மாமன் வீட்டில்
பெயர் வைப்பதாக இருந்தார்கள்.

நாற்பது நாள் பிள்ளை தானாக எங்கே போய்
வாங்கி வந்திருக்கும்?
போன் போட்டேன்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான் முனிரத்தினம்:
"எனக்கா? நல்லாத்தான் இருக்கேன் மேடம்.
இருமலா? அது தறித்தூசு.
இந்தத் தெருவுல யாருதான் இருமல?"

எத்தனை நாளா?

பதில் வரவில்லை.
தடக் தடக் என்று தறி.
அதன் நடுவில் தொடங்கியது.
எண்ணினேன். பதினொன்றுவரை
இடையில் மூச்சே எடுக்கவில்லை அவன்.

"தறிய நிறுத்துங்க. சிஸ்டர் வராங்க.
நகரிப் பக்கம் போகாதீங்க.
யார் யார் தூக்கினாங்க பிள்ளைய, யோசிச்சு வைங்க."

எட்டாவது குழாய்க்கு லேபிள் எழுதி வைத்தேன்,
தண்ணீர் பட்டால் அழியாத பேனாவில்.
அவன் தறி
இன்னும் நின்றபாடில்லை.